எழுத்தைக் காக்கும் பதிப்பு எது? – தமிழ் மாணவர் உரைத்திருத்தி தெரிவு செய்யும் முறை

முன்னுரை

பதிப்பு என்னும் சொல் தமிழ்த் துறையினராகிய நமக்குப் புதிதன்று. ஒரு நூலுக்குப் பல சுவடிகள் கிடைக்குமாயின், அவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைக் குறித்து, ஏற்ற பாடத்தைத் தேர்ந்து வெளியிடுவது பதிப்பாசிரியரின் பணி. இன்று கணிப்பொறி வல்லுநரும் இச்சொல்லை ஆள்கின்றனர். ஒரு மென்பொருள் திருத்தம் பெற்று வெளிவருந்தோறும் அதனைப் புதிய பதிப்பு என்பர். நூற்பதிப்பில் தவறான பாடத்தைத் தேர்ந்தால் ஒரு சொல்லோ தொடரோ பொருள் திரியும். மென்பொருட் பதிப்பின் இயல்பை அறியாது கையாண்டாலோ, நாம் எழுதிய உரை முழுவதுமே இல்லாதொழியக் கூடும். இதனை நம் மாணவர் பலர் இன்னும் உணர்ந்திலர்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ பயிலும் தமிழ் மாணவர் ஒருவரின் ஆய்வேடு இன்று ஒரே கணிப்பொறியில் உருவாவதில்லை. வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் ஓர் இயல் தொடங்கும். கல்லூரி ஆய்வகத்தில் அது வளரும். கடைத்தெருவிலுள்ள தட்டச்சு நிலையத்தில் பிழை திருத்தம் பெறும். நெறியாளரின் கணிப்பொறியில் இறுதியாகத் திறக்கப்படும். இந்நான்கிலும் ஒரே பெயருடைய மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகள் இருப்பது இயல்பு. இவற்றுள் எதனைக் கொள்வது? புதியதே சிறந்தது என்பர் ஒரு சாரார். பழகியதே போதும் என்பர் பிறிதொரு சாரார். இவ்விரண்டும் முழுமையான விடைகள் ஆகா. சேமிக்கும்பொழுதும் மீண்டும் திறக்கும்பொழுதும் தமிழ் எழுத்தை அப்பதிப்பு என்ன செய்கின்றது என்பதே தெரிவுக்குரிய அளவுகோல் என்பதை இக்கட்டுரையில் விளக்குவோம்.

உரைத்திருத்தியும் சொற்செயலியும்

எடிட்டர் என வழங்கும் உரைத்திருத்தி, எழுத்துகளை மட்டுமே கோப்பில் வைக்கும். தடித்த எழுத்து, பக்க அளவு, அடிக்குறிப்பு முதலிய ஒப்பனைகள் அதில் இல்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆபீஸ் போன்ற சொற்செயலிகள் அவ்வொப்பனைகளையும் சேர்த்துக் கோப்பில் பொதிந்து வைப்பவை. ஆய்வேட்டை இறுதியாக அச்சிடச் சொற்செயலி வேண்டும். ஆனால் மூலபாடத்தை உள்ளிடுவோர்க்கும், சொல்லடைவு செய்வோர்க்கும், பாடவேறுபாடுகளைத் தொகுப்போர்க்கும் உரைத்திருத்தியே ஏற்றது. ஒப்பனையற்ற கோப்பை எந்தக் கணிப்பொறியும் எந்தக் காலத்தும் திறக்க இயலும். அதன் எளிமையே அதன் வலிமை.

விண்டோசுடன் வரும் நோட்பேட் நாம் அனைவரும் அறிந்த உரைத்திருத்தி. டான் ஹோ என்பவர் 2003 ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கிவரும் நோட்பேட் பிளஸ் பிளஸ் அடுத்தது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வழிவந்த ஈமாக்ஸ் என்பதும் ஆய்வாளர் சிலர் கையாள்வது. இம்மூன்றையும் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

குறியேற்றம் கடந்துவந்த பாதை

கணிப்பொறிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று வகுப்பது குறியேற்றம். தொடக்க காலத்தில் இவ்வகுப்பு ஆளுக்கொரு விதமாக இருந்தது. 1980களில் கனடாவிலிருந்து முனைவர் சீனிவாசனின் ஆதமியும், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசும் தோன்றின. பின்னர்ச் சுவிட்சர்லாந்திலிருந்து முனைவர் கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை வழங்கினார். இவர்கள் தமிழைக் கணிப்பொறியில் ஏற்றிய முன்னோடிகள் என்பதில் ஐயமில்லை. எனினும் ஒருவர் வகுத்த எண்ணும் மற்றவர் வகுத்த எண்ணும் வேறாயின. ஓர் எழுத்துருவில் எழுதியதை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றின.

இக்குறையை நீக்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியேற்றங்களும் அதன் வழி வந்தவை. இணையத்தில் தமிழர் பலர் திஸ்கி என்னும் குறியேற்றத்தைக் கையாண்டனர். இவையெல்லாம் 256 இடங்களே கொண்ட 8 பிட் அட்டவணைகள். மறுபுறம், 1991 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தனிப்பகுதி ஒதுக்கப்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஏற்று, லதா எழுத்துருவுடன் வந்தது. 2010 ஜூன் திங்களில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது.

எனவே இன்று தமிழ் உரைக்கு ஏற்ற குறியேற்றம் ஒருங்குறி என்பதில் கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை. ஒருங்குறியைக் கோப்பில் எழுதும் முறைகளுள் யூ.டி.எஃப். 8 என்பது உலகெங்கும் பரவிய முறை. இம்முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டு இடம் கொள்ளும். 'தமிழ்' என்னும் சொல்லில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என 5 குறிகள் உள்ளமையால் அச்சொல் 15 பைட்டாக உறையும். இக்கணக்கு பின்னர் நமக்குப் பயன்படும்.

ஒரே நோட்பேட், இருவேறு இயல்பு

பெயரால் ஒன்றாயினும் நோட்பேட் பதிப்பால் இரண்டு எனலாம். விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும், விண்டோஸ் 10 இன் முற்பதிப்புகளிலும் உள்ள நோட்பேட், நாம் வேறு சொல்லாவிடின் கோப்பை ஆன்சி என்னும் பழைய குறியேற்றத்தில் சேமிக்கும். ஆன்சியில் தமிழுக்கு இடமில்லை. ஒருங்குறியில் உள்ள எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கைப் பெட்டி ஆங்கிலத்தில் தோன்றும். அதனைப் படியாது 'ஓகே' என்பதை அழுத்திவிட்டால், தமிழ்க் குறிகள் அனைத்தும் கேள்விக்குறிகளாக மாறிக் கோப்பில் பதிந்துவிடும். மேற்காட்டிய 'தமிழ்' என்னும் சொல் ஐந்து கேள்விக்குறிகளாக நிற்கும்.

2019 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1903 ஆம் பதிப்பு முதல் இந்நிலை மாறியது. புதிய கோப்பை யூ.டி.எஃப். 8 முறையில் சேமிப்பதே நோட்பேடின் இயல்பாயிற்று. எந்தக் குறியேற்றம் என்பதும் சாளரத்தின் அடிப்பட்டையில் காட்டப்படுகின்றது. விண்டோஸ் 11 இன் நோட்பேடும் இவ்வழியதே.

2011 இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினிகள் இன்றும் பல இல்லங்களில் உழைத்துவருகின்றன. அண்ணன் பெற்ற கணினியில் தங்கை பயில்வதைக் காண்கிறோம். அத்தகைய கணினியில் பழைய நோட்பேட் இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க. பழையது என்பதற்காக அதனை ஒதுக்க வேண்டுவதில்லை. 'சேவ் ஆஸ்' என்னும் பெட்டியின் அடியில் குறியேற்றத்திற்கான இடம் உண்டு. அங்கு யூ.டி.எஃப். 8 என்பதை ஒருமுறை தெரிவு செய்து சேமித்தால் அக்கோப்பு காக்கப்படும். இம்முறையில் பழைய நோட்பேட் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட்டு அடையாளம் ஒன்றை இடும். அதனால் நம் உரைக்குக் கேடில்லை.

செல்லரித்த ஏடும் படிக்கத் தெரியாத ஏடும்

தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தபொழுது தேவார ஏடுகளுள் பெரும்பகுதி செல்லரித்துப் போயிருக்கக் கண்டனர் என்பது திருமுறைகண்ட வரலாறு கூறும் மரபுச் செய்தி. அரித்துப் போன ஏட்டை எவராலும் மீட்க இயலாது. வட்டெழுத்தில் எழுதப்பட்ட ஒரு சாசனமோ அவ்வாறன்று. இன்று நமக்குப் படிக்கத் தெரியாவிடினும், அவ்வெழுத்தை அறிந்தவர் அதனைப் படித்துவிடுவார். கணிப்பொறிக் கோப்பிலும் இவ்விரு நிலைகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறியாமையே மாணவர்க்குப் பேரிடராக முடிகின்றது.

கேள்விக்குறிகளாய்ச் சேமிக்கப்பெற்ற கோப்பு செல்லரித்த ஏடு. எந்த எழுத்து எங்கிருந்தது என்னும் செய்தியே அதில் இல்லை. பொருளற்ற குறிகளாய்த் தோன்றும் கோப்போ பெரும்பாலும் படிக்கத் தெரியாத ஏடு மட்டுமே. பாமினி எழுத்துருவில் அமைந்த பழைய கோப்பில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக இருக்கும். அது பாமினி எனத் தெரிந்துவிட்டால், என்.எச்.எம். கன்வெர்ட்டர், பொங்குதமிழ் முதலிய மாற்றிகளால் ஒருங்குறிக்குக் கொண்டுவரலாம். எனவே திறந்தவுடன் புரியவில்லை என்பதற்காக எந்தப் பழைய கோப்பையும் அழித்துவிடலாகாது. பழைய ஆய்வேடுகளும் துறை மலர்களும் இவ்வாறு குறுவட்டுகளில் உறங்குகின்றன. எழுத்துருவின் பெயரை உறைமேல் எழுதிவைப்பது சிறு செயலே. ஆயினும் பின்வருவோர்க்கு அது பெருந்துணை.

மூன்றாவது நிலையும் ஒன்றுண்டு. யூ.டி.எஃப். 8 கோப்பை ஆன்சி எனத் தவறாகக் கொண்டு திறந்தாலும் பொருளற்ற குறிகள் தோன்றும். அப்பொழுது திருத்தாமலும் சேமிக்காமலும் மூடிவிட்டு, உரிய குறியேற்றத்தில் மீண்டும் திறந்தால் தமிழ் தெளிவாகத் தெரியும். நோட்பேட் பிளஸ் பிளஸில் குறியேற்றத்திற்கெனத் தனிப்பட்டியல் உள்ளது. அதில் 'யூ.டி.எஃப். 8' என்பது வேறு, 'யூ.டி.எஃப். 8 ஆக மாற்றுக' என்பது வேறு. முன்னது கோப்பைப் படிக்கும் முறையை மட்டும் மாற்றும். பின்னது கோப்பின் உள்ளடக்கத்தையே மாற்றும். பொருளற்ற குறிகள் தோன்றும் நிலையில் பின்னதைத் தெரிவு செய்து சேமித்தால், அக்குறிகளே உரையாக நிலைத்துவிடும். ஆகவே முன்னதையே முதலில் செய்து பார்த்தல் வேண்டும்.

32 பிட்டா, 64 பிட்டா?

நோட்பேட் பிளஸ் பிளஸைப் பதிவிறக்கப் புகுவோர் 32 பிட், 64 பிட் என இரு பதிப்புகளைக் கண்டு மயங்குவர். 64 பிட் பதிப்பு 32 பிட் விண்டோசில் இயங்காது. 32 பிட் பதிப்போ இரண்டிலும் இயங்கும். விண்டோஸ் 11 முற்றிலும் 64 பிட் ஆகும்.

பெரிய நூலைக் கையாள 64 பிட்டே வேண்டும் என்று எண்ணுவோர் உளர். ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். சீறாப்புராணம் 5027 செய்யுட்களைக் கொண்டது. செய்யுளுக்கு 200 குறிகள் எனக் கொண்டால், குறிக்கு 3 பைட்டாக ஒரு செய்யுள் 600 பைட்டு. காப்பியம் முழுவதும் ஏறத்தாழ 30 இலட்சம் பைட்டு, அதாவது 3 மெகாபைட்டே. இதனை 32 பிட் பதிப்பும் எளிதில் தாங்கும். ஆதலின் உரையின் அளவு இங்குக் காரணமாகாது.

உண்மையான காரணம் இணைப்பு நிரல்கள். இரு கோப்புகளை அருகருகே வைத்து வேறுபடும் இடங்களை நிறமிட்டுக் காட்டும் ஒப்பீட்டு நிரல், பாடவேறுபாடு காண்போர்க்குப் பேருதவி. 32 பிட்டுக்கென அமைந்த இணைப்பு நிரல் 64 பிட் பதிப்பில் இயங்காது. இன்று பெரும்பாலானவை இரு வகையிலும் கிடைக்கின்றன. எனவே 64 பிட் கணிப்பொறி உடையோர் 64 பிட் பதிப்பையே கொள்ளலாம். தமக்கு இன்றியமையாத இணைப்பு நிரல் ஒன்று 32 பிட்டில் மட்டுமே இருப்பின், அதன்பொருட்டு 32 பிட்டைக் கொள்வதும் பிழையன்று.

நிறுவும் பதிப்பு, எடுத்துச் செல்லும் பதிப்பு என மற்றொரு பிரிவும் உண்டு. பின்னது நிறுவத் தேவையில்லாதது. பென் டிரைவில் வைத்துக்கொண்டு எங்கும் இயக்கலாம். அதன் அமைப்புகளும் அதனுடனேயே இருக்கும். பொதுக் கணிப்பொறிகளில் பணியாற்றும் மாணவர்க்கு இதுவே சாலச் சிறந்தது.

சேமியாத உரை குறித்தும் இவ்விடத்து ஒன்று கூறவேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலில் நம் மாவட்டத்து ஊர்கள் பல நாட்கணக்கில் மின்சாரமின்றி இருந்ததை அறிவோம். புயலில்லா நாளிலும் மின்தடை புதிதன்று. பழைய நோட்பேடில் சேமியாத உரை மின்சாரத்துடன் மறையும். நோட்பேட் பிளஸ் பிளஸ் இயல்பாக 7 நொடிக்கு ஒருமுறை காப்புப் படியெடுத்து வைக்கும். விண்டோஸ் 11 இன் நோட்பேடும் 2023 முதல் சேமியாத உரையை நினைவில் வைக்கின்றது. வீட்டுக் கணிப்பொறியில் இது நன்மை. நிலையத்துக் கணிப்பொறியிலோ, நாம் விட்டுச் சென்ற உரை அடுத்து வருபவர் கண்ணில் படும். ஆதலின் அங்கு உரையைச் சேமித்து, திறந்த தாள்கள் அனைத்தையும் மூடிய பின்னரே எழுதல் வேண்டும்.

அரபும் தமிழும் ஒரே வரியில்

இசுலாமியத் தமிழிலக்கியம் பயில்வோர்க்கு மேலும் ஒரு தேவை உண்டு. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த அபுல்காசிம் மரைக்காயர் வாழ்ந்த பரங்கிப்பேட்டை, சிதம்பரத்திற்கு அண்மையிலேயே உள்ளது. அக்காப்பியத்தின் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்னும் காண்டப் பெயர்களே அரபுச் சொற்கள். அவற்றின் மூலவடிவை அரபு எழுத்தில் காட்ட விரும்பினால், இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழும் வலமிருந்து இடமாகச் செல்லும் அரபும் ஒரே வரியில் அமையவேண்டும். தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் நூல்களை ஆய்வோர்க்கு இத்தேவை பக்கந்தோறும் எழும்.

8 பிட் குறியேற்றங்களில் இது இயலாதிருந்தது. மேல்நிலை இடங்களைத் தமிழே நிரப்பியமையால் அரபுக்கு இடமில்லை. ஒருங்குறியில் இரண்டிற்கும் தனித்தனி இடங்கள் உள்ளன. ஆயினும் திரையில் சரியாகக் காட்டுவது உரைத்திருத்தியின் பதிப்பைப் பொறுத்தது. ஈமாக்ஸ் தனது 24 ஆம் பதிப்பில், 2012 ஆம் ஆண்டில்தான் இருதிசை எழுத்தை ஏற்றது. 2020 இல் வந்த 27 ஆம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்தமைப்பு நிரலைச் சேர்த்துக்கொண்டது. அரபும் தமிழும் கலந்து எழுதுவோர் ஈமாக்ஸின் 23 ஆம் பதிப்பில் நிற்பது பொருந்தாது. இவ்விடத்துப் புதுமை வெறும் அழகன்று, தேவை. நோட்பேடும் இருதிசை வரியைக் காட்ட வல்லது. நோட்பேட் பிளஸ் பிளஸில் வலமிருந்து இடமாக எழுதும் வசதி உண்டெனினும், கலப்பு வரிகளில் சுட்டி நிற்குமிடம் தடுமாறலாம். காட்சி தடுமாறினும் கோப்பிலுள்ள எழுத்து வரிசை மாறுவதில்லை என்பதை அறிந்து, பதற்றத்தில் எழுத்துகளை முன்பின்னாக மாற்றாதிருத்தல் வேண்டும்.

மூன்று சோதனைகள்

எப்பதிப்பைக் கொள்ளினும், ஆய்வேட்டைத் தொடங்குமுன் மூன்று சோதனைகளைச் செய்துவிடுவது நலம்.

1. பயணச் சோதனை: கொ, கோ, கௌ, ஸ்ரீ, ஹிஜ்றத்து ஆகியவற்றுடன் தேவையாயின் ஓர் அரபுச் சொல்லும் அமைந்த ஒரு வரியை எழுதிச் சேமிக்க. அதனை வேறிரு கணிப்பொறிகளில் திறந்து, ஒரு சொல் சேர்த்துச் சேமித்து, மீண்டும் நம் கணிப்பொறியில் திறந்து பார்க்க. ஓர் எழுத்தும் மாறாதிருப்பின் அவ்வழி நம்பத்தக்கது.

2. தேடற் சோதனை: ஒருங்குறியில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறியெண்களை மட்டும் ஒப்பிடும் உரைத்திருத்தி ஒன்றைத் தேடும்பொழுது மற்றதைக் காட்டாது. 'கௌ' என்பதைக் ககரத்தின்பின் ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டுவோரும் உளர், அது எழுத்துப்பிழை. ஸ்ரீயும் இரு வகையாக அமையக்கூடும். மாற்றியால் பெற்ற கோப்பில் பத்துச் சொற்களைத் தேடிப் பார்த்த பின்னரே சொல்லடைவுக்குச் செல்க. இன்றேல் எண்ணிக்கை பிழைபடும். பிழைபட்ட எண்ணிக்கையின் மேல் எழுப்பிய முடிவும் பிழைபடும்.

3. காப்புச் சோதனை: ஐந்து வரிகள் எழுதிச் சேமியாமல் விட்டு, உரைத்திருத்தியை மூடித் திறந்து பார்க்க. அது எதனை மீட்டுத் தருகின்றது, எதனைத் தரவில்லை என்பதை முன்னரே அறிந்திருப்பது பின்னர் வரும் துயரைத் தவிர்க்கும்.

முன்னோட்டப் பதிப்புகளை ஆய்வேட்டுப் பணிக்குக் கொள்ளற்க. நிலைபெற்ற பதிப்பே நமக்குரியது. எந்த மென்பொருளையும் அதனை ஆக்கியோரின் தளத்திலிருந்தே பெறுக. ஆய்வேட்டின் நடுவில் பதிப்பை மாற்ற நேர்ந்தால், கோப்புகள் அனைத்தையும் முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்த பின்னரே மாற்றுக.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படும். உரைத்திருத்தியின் பதிப்பைப் புதுமையால் மட்டும் மதிப்பிடலாகாது. யூ.டி.எஃப். 8 முறையில் சேமிப்பதை அறிந்தவர்க்குப் பழைய நோட்பேடும் தீங்கு செய்யாது. அறியாதவர்க்கு ஒரே அழுத்தில் ஓராண்டு உழைப்பையும் அது அழித்துவிடும். வீட்டில் பணியாற்றுவோர்க்கு நிலைபெற்ற புதிய பதிப்பும், பல இடங்களில் பணியாற்றுவோர்க்கு எடுத்துச் செல்லும் பதிப்பும், அரபும் தமிழும் கலந்து எழுதுவோர்க்கு இருதிசை எழுத்தை முறையாகக் காட்டும் பதிப்பும் ஏற்றவை.

சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த பதிப்பாசிரியர்களின் உழைப்பால்தான் நமக்கு இலக்கியங்கள் கிடைத்தன. அவர்கள் கறையானோடு போராடினர். நாமோ ஒரு சிறு பெட்டியில் தோன்றும் எச்சரிக்கையை நின்று படித்தாலே போதும். அவ்வளவு எளிய காவலையும் செய்யத் தவறுவோமாயின், நம் காலத்துத் தமிழாய்வு அடுத்த தலைமுறைக்குக் கேள்விக்குறிகளாகவே சென்று சேரும். ஆகவே மாணவர்கள் இன்றே தத்தம் கோப்பு ஒன்றைத் திறந்து, அது எக்குறியேற்றத்தில் உள்ளது என்பதைக் கண்டறிவார்களாக.